உங்களுக்கென்ன, ரெண்டே பேர்

பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சலவைக்கூடம். அங்கே ஜன்னல் என்று பெயருக்குக்கூட ஒன்று கிடையாது. அந்தப் பொந்துக்குள் முப்பத்துமூன்று வருஷம் விரிப்பு வெளுத்து, உலர்த்தி, மடித்து அடுக்கியவள் அவள். பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் லாண்டரியம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஒரு விரிப்பைத் தூக்கி விளக்கடியில் பிடித்தால் போதும், இது எந்த வார்டு, என்ன மருந்து கொட்டியது, எத்தனை நாளாக மாற்றாமல் விட்டார்கள் என்று புட்டுப் புட்டு வைப்பாள். மனுஷன் பொய் சொல்வான், கறை சொல்லாது என்பாள். சொந்தக்காரர்களையும் அவள் அதே கண்ணால்தான் பார்த்தாள். அதனால் அவர்களுக்கு அவளைப் பிடிக்காது. அவளுக்கும் அதில் பெரிய விசாரம் இல்லை.

அவளுக்கு வாய்த்தவர் அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் டிரைவர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். அவருக்கு வைத்த பட்டப்பெயர் சைரன். காரணம் வேறொன்றும் இல்லை, அந்த மனுஷர் சத்தமாகப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்தில் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். ஆனால் அழைப்பு வந்தால் எழுந்து நிற்பதற்குள் வண்டி கிளம்பியிருக்கும். சோற்றில் கை வைத்திருந்தாலும் சரி, குளியலறையில் சோப்பு போட்டிருந்தாலும் சரி, அதே கதைதான்.

குழந்தை இல்லை. அதற்காக இருவரும் அழுத காலம் உண்டு. அழுது முடித்துவிட்டார்கள். மற்றவர்கள்தான் முடித்தபாடில்லை. குழந்தை இல்லாத வீடு என்றால் நேரம் மலை மலையாகக் குவிந்து கிடக்கும் என்று இந்த ஜனங்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. யார் வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டாலும் பக்கத்தில் படுக்க லாண்டரியம்மா. யார் வீட்டு மாமியாரை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போவதானாலும் சைரன். முகத்தைச் சுளித்தால் ஒரு வாக்கியம் தயாராக வைத்திருப்பார்கள். "உங்களுக்கென்ன, ரெண்டே பேர்." ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஒரு பழமொழி உண்டு. அது இவர்களைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும்.

இந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்தவள் சைரனின் அக்கா. லாண்டரியம்மா அவளுக்கு வைத்த பெயர் கண்ட்ரோல் ரூம். முகத்துக்கு நேரே அண்ணி, முதுகுக்குப் பின்னால் கண்ட்ரோல் ரூம். அங்கிருந்து அழைப்பு வந்தால் தம்பி கிளம்பியாக வேண்டும். அம்மா போன பிறகு அவரை வளர்த்தவள் அவள்தான், அதை யாரும் மறுக்கவில்லை. வளர்த்த கடனைத் தம்பி எத்தனை வருஷம் கட்டுவது என்பதுதான் கேள்வி. அவளுக்கு ஒரு மகன் இருந்தான், அடுத்த தெருவிலேயே இருந்தான். அவனைக் கூப்பிடலாமே என்று ஒருமுறை லாண்டரியம்மா வாய்விட்டுக் கேட்டாள். "அவனுக்குக் குடும்பம் இருக்கு, வேலை இருக்கு. உங்களுக்கென்ன" என்று பதில் வந்தது. மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

இனி ஏரிக்கு வருகிறேன். சலவைக்கூடத்துச் சுவரில் ஒரு காலண்டர் தாள். சோப்புத்தூள் கம்பெனிக்காரன் எந்தக் காலத்திலோ கொடுத்தது. சுற்றிலும் மலை, நடுவில் ஏரி. மாதமும் தேதியும் போய்ப் படம் மட்டும் தங்கிவிட்டது. ஆவி பட்டுப் பட்டு ஓரம் சுருண்டு மலையில் பாதி உரிந்துவிட்டது, தண்ணீர் மட்டும் நீலம் மாறவில்லை. கல்யாணமான புதிதில் அவர் ஒருநாள், "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அவர் தானாகக் கேட்ட ஒரே கேள்வி அது. "அந்த ஏரியை ஒரு தரம் பார்க்கணும்" என்றாள். அது ஒன்றும் ஏழு கடல் தாண்டி இல்லை. சாலையில் ஏழு மணி நேரம்.

மூன்று முறை கிளம்பினார்கள், மூன்று முறையும் திரும்பினார்கள். முதல் தடவை பஸ்ஸில் போய் மலையடிவாரத்தில் இறங்கியபோது டீக்கடை போனுக்குச் செய்தி வந்து காத்திருந்தது: அக்கா பிள்ளைக்குக் காய்ச்சல். அரக்கப் பரக்கத் திரும்பினால் பிள்ளை பிஸ்கட் தின்றுகொண்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை பாதி மலையில் இருந்தபோது, அக்கா புருஷன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டதாகத் தகவல். இவர்கள் தேடிக்கொண்டு ஓடி வந்தார்கள், அவர் பசித்ததும் தானாக வந்துவிட்டார். மூன்றாவது, ஆறு வருஷத்துக்கு முன்னால். ஏரி கண்ணில் படுகிற திருப்பத்துக்கு இன்னும் இரண்டே கிலோமீட்டர். அக்காவுக்கு நெஞ்சுவலி. ஏழு மணி நேரம் வண்டியை விரட்டிக்கொண்டு வந்து பார்த்தால், அவள் டிவி முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "வந்துட்டியா? வாயுதான்போல, இறங்கிடுச்சு" என்றாள். லாண்டரியம்மா மறுநாள் வேலைக்குப் போனதும் காலண்டர் தாளைக் கிழிக்கக் கை வைத்தாள். பிறகு மனசு வராமல் நாலு மூலையிலும் பிளாஸ்திரி ஒட்டி அழுத்தி வைத்தாள்.

இருவரும் ஒரே வருஷத்தில் ஓய்வு பெற்றார்கள். அந்த மாதமே அவர் ஓட்டிய ஆம்புலன்ஸும் ஏலத்துக்கு வந்தது. வாங்கிவிடலாம் என்று சொன்னவள் லாண்டரியம்மாதான். அதற்குள் வீடு வைத்துக்கொண்டு ஊர் சுற்றலாம் என்றாள். சொந்தபந்தம் ஓடி வந்தது.

"எத்தனை பேர் உயிர் போன வண்டி. அதுல போய்ப் படுப்பியா?" என்றாள் கண்ட்ரோல் ரூம்.

"ஆஸ்பத்திரிக் கட்டில்லயும்தான் அண்ணி ஆயிரம் பேர் போனாங்க. நீங்க பிரசவத்துக்கு அதுலதானே படுத்தீங்க? விரிப்பை வெளுத்துப் போட்டவ நான்."

அதற்கப்புறம் வண்டியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஸ்ட்ரெச்சர் இருந்த பக்கம் கட்டில் ஆனது. சலைன் பாட்டில் தொங்கிய கொக்கியில் விளக்கு தொங்கியது. ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்த வளையத்துக்குள் தண்ணீர்க் கேன் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. பின்கதவை அடைத்து அவர் ஒரு அடுப்புமேடை போட்டார். பக்கத்துக் கண்ணாடியெல்லாம் ஆம்புலன்ஸுக்கே உரிய பால்கண்ணாடி, வெளிச்சம் வரும், வெளியே ஒன்றும் தெரியாது. ஆக, வெளியுலகம் பார்க்க முன்கண்ணாடி ஒன்றுதான். அது போதும் என்றாள். முப்பத்துமூன்று வருஷம் சுவரைப் பார்த்தவளுக்கு அந்தக் கண்ணாடி அகலமே பெரிய சொத்து. அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீயோடு ஏரியைப் பார்க்க வேண்டும், ஆற அமரப் பார்க்க வேண்டும், யாரும் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான் அவள் கேட்டது.

அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. ஏழு மணி நேரப் பாதையை மூன்று நாளில் போக வேண்டும். முப்பத்தொரு வருஷம் பறந்த மனுஷர் இனியாவது உருண்டுகொண்டு போகட்டும் என்றாள். அவர் தலையாட்டினார். அவர் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு என்று அவளுக்குத் தெரியும்.

முதல்நாள் சமவெளிச் சாலையில் ஒரு வேடிக்கை. வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தாலும் பழைய எழுத்து உள்ளேயிருந்து நிழலாகத் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்த கார்க்காரர்கள் எல்லாம் ஒதுங்கி வழி விட்டார்கள். சைரனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. அவர்களை ஏமாற்றுகிறோம் என்று முணுமுணுத்தார்.

"நாம கேட்டமா? அவங்களா விடுறாங்க, போங்க" என்றாள் அவள். "அடுத்தவங்களுக்காக எத்தனை வருஷம் வழி கேட்டீங்க. ஒரு நாள் நமக்கு விட்டா ஒண்ணும் குறைஞ்சிடாது."

சாயங்காலம் ஒரு சிற்றேரிக்கரையில் நிறுத்தினார். வாத்துகள் இருந்தன, எதிர்க்கரையில் மலையின் முதல் மடிப்பு இருந்தது. அவள் டீ போட்டு எடுத்துக்கொண்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு நேரே ஒரு கட்டணக் கழிப்பறைச் சுவர். காலணியை வெளியே விடவும் என்று எழுதியிருந்தது.

"ஏரி எங்கே?" என்றாள்.

"பின்னாடி."

ஆம்புலன்ஸ்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கே நிறுத்தினாலும் பின்னோக்கி விட்டு, மூக்கு சாலையைப் பார்க்க நிறுத்துவார்கள். அழைப்பு வந்தால் திருப்புகிற அரை நிமிஷம் மிச்சம். சாவியும் வண்டியிலேயே கிடக்கும். சைரன் வீட்டு வாசலிலும் அப்படித்தான் நிறுத்துவார், கல்யாண மண்டபத்திலும் அப்படித்தான் நிறுத்துவார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, இவர் சுடுகாட்டுக்குப் போனாலும் மூக்கை வெளிப்பக்கம் வைத்துத்தான் நிறுத்துவார்.

"கொஞ்சம் திருப்பி நிறுத்தினா என்ன?"

"அவசரம்னா?"

"யாருக்கு அவசரம்?"

வண்டி திரும்பவில்லை. அவள் கழிப்பறைச் சுவரைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தாள். இரண்டாம் நாள் ஒரு அணைக்கட்டு. அங்கே அவளுக்குக் கிடைத்தது ஒரு சுற்றுலா பஸ்ஸின் முதுகு. இடையிடையே போனில் சிக்னல் எட்டிப் பார்க்கிற இடத்திலெல்லாம் வண்டி தானாக வேகம் குறைவதையும் அவள் கவனித்தாள். சண்டை போடவில்லை. சண்டையை அவள் எதற்கோ பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் மலை ஏறினார்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் குளிர் ஒரு பிடி கூடியது. சாலைக்குக் கீழே மேகம் கிடந்தது, பாறை இடுக்கிலெல்லாம் தண்ணீர் சொட்டியது. அவளுக்கு மூன்று முறை திரும்பிய இடங்கள் அத்தனையும் நினைவிருந்தன. அடிவாரத்து டீக்கடை இருந்த இடத்தில் இப்போது பெட்ரோல் பங்க், அதைத் தாண்டினார்கள். பாதி மலையில் இரண்டாம் தடவை திரும்பிய பாலம், அதையும் தாண்டினார்கள். தாண்டும்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்த்து, "போச்சு" என்றாள். அவர் மெல்லச் சிரித்தார். ஏரிக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர் என்று ஒரு கல் சொன்னது.

அப்போது போன் அடித்தது.

சைரன் போனைப் பார்க்கவில்லை. யார் என்று கேட்கவில்லை. கை தானாக இண்டிகேட்டரைப் போட்டது, கால் தானாகக் கிளட்சை மிதித்தது. சாலை சற்று அகலமாக இருந்த இடம் அது. வண்டியை ஒரு வெட்டு வெட்டி, மூக்கைப் பள்ளத்தாக்குப் பக்கம் நீட்டி, பின்னால் எடுத்தார். மலைப்பக்கத்து ஓடைக்குள் பின்சக்கரம் தடாலென்று இறங்கியது. சமையல் பாத்திரமெல்லாம் உருண்டன. வண்டி சாலைக்குக் குறுக்கே, ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் நின்றது.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. லாண்டரியம்மா எடுத்துக் காதில் வைத்தாள். பதிவு செய்த பெண் குரல் ஒன்று, உங்களை அழைப்பவர்கள் கேட்க வேண்டிய பாட்டைத் தேர்ந்தெடுக்க எண் ஒன்றை அழுத்தவும் என்றது.

"பாட்டு வைக்கணுமாம்" என்றாள். "எந்தப் பாட்டு வைக்கலாம், சொல்லுங்க."

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருன்னு பார்த்தீங்களா? என்னன்னு கேட்டீங்களா? மணி அடிச்சா எச்சில் ஊறுற மாதிரி உங்களுக்குக் கை திரும்புது. இத்தனை வருஷமா நான் உங்க பக்கத்துல உட்கார்ந்து திரும்பிக்கிட்டே இருக்கேன். முதல் தடவை சின்ன வயசு, சரின்னேன். ரெண்டாவது தடவை மனசு கேக்காம சரின்னேன். மூணாவது தடவை மனசே செத்துப்போச்சு எனக்கு. இப்ப யாரும் கூப்பிடக்கூட இல்ல, நீங்களாவே திரும்புறீங்க." அவள் குரல் உடைந்தது. அது அழுகையால் இல்லை, ஆத்திரத்தால். "எனக்கு அந்தத் தண்ணி வேணும். இந்த ஜென்மத்துல நான் வேற ஒண்ணும் கேக்கல."

அவர், "தெரியாம பண்ணிட்டேன்" என்றார்.

"அதுக்குத்தான் எனக்கு வயிறு எரியுது."

கீழிருந்து குழாய் ஏற்றிய லாரி ஒன்று முனகிக்கொண்டு ஏறி வந்து நின்றது. லாரிக்காரர் இறங்கி, இடுப்பில் கை வைத்து, வண்டியின் நிழல் எழுத்தை நிதானமாகப் படித்தார்.

"ஆம்புலன்ஸே படுத்துக்கிட்டா நாங்க யாரைண்ணே கூப்பிடுறது?" என்றார்.

நல்ல மனுஷர். கிண்டலை முடித்ததும் சங்கிலியை எடுத்தார். சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு சமாச்சாரம். நான் ஓரமா ஒடுங்கித் தாண்டிப் போய் மேல நின்னு இழுத்தா, உங்க மூக்கு மேல பார்க்கும். கீழயே நின்னு இழுத்தா கீழ பார்க்கும். அப்புறம் மனசு மாறி இந்த இடத்துல மறுபடி திருப்பப் போனீங்கன்னா மறுபடி ஓடைதான். மேலயா, கீழயா? யோசிச்சுச் சொல்லுங்க, பின்னாடி வண்டி சேருது."

மேலே என்று அவள் வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை பாட்டு இல்லை. திரையில் அக்கா.

அவர் கை நீண்டது. போன் இருந்தது அவள் கையில்.

"சொல்லுங்க அண்ணி."

"அவன்கிட்ட குடு." கண்ட்ரோல் ரூமின் குரல் மெலிந்திருந்தது. "நெஞ்சை அடைக்குது. தலை சுத்துது. அவனை வரச் சொல்லு."

புலி வருது, புலி வருது என்று கத்தியவன் கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையில் கடைசியில் புலி வந்தது என்பதும் லாண்டரியம்மாவுக்குத் தெரியும். பொய்வலியோடு வந்தவர்கள் விரிப்பையும் அவள் வெளுத்திருக்கிறாள், மெய்வலியோடு வந்து திரும்பாதவர்கள் விரிப்பையும் வெளுத்திருக்கிறாள். குரலை வைத்து அவளால் இதைத் தரம் பிரிக்க முடியவில்லை.  இப்போது திரும்பச் சொன்னால் இனி ஏரி இல்லை. திரும்பாமல் இருந்து அங்கே ஏதாவது ஆகிவிட்டால், சாகும்வரை அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

"அண்ணி, வேர்க்குதா? கை மரத்துப்போகுதா?"

"நீ என்ன டாக்டரா? அவனைக் கூப்பிடு."

"கதவைத் திறந்து வச்சிட்டுச் சாய்ஞ்சு உட்காருங்க. நடக்காதீங்க. பத்து நிமிஷத்துல ஆம்புலன்ஸ் வரும்."

"எனக்கு ஆம்புலன்ஸ் வேண்டாம், என் தம்பி வேணும். அவனுக்கென்ன, பிள்ளையா குட்டியா, ரெண்டே பேர், சுத்திக்கிட்டுத்தானே..."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். உடனே ஆஸ்பத்திரி எண்ணைப் போட்டாள். சைரன் இடத்துக்கு வந்திருக்கும் புது டிரைவர் எடுத்தார். விலாசம், வயசு, என்ன செய்கிறது, எல்லாம் நாலே வரியில் சொன்னாள். "கிளம்பிட்டேன் லாண்டரியம்மா" என்றார் அவர். அடுத்து அக்கா மகனைப் பிடித்தாள். அவன் மீட்டிங்கில் இருப்பதாக ஆரம்பித்தான். "உங்கம்மாவை ஆம்புலன்ஸ் ஏத்தப்போகுது. நீ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும். உன் மீட்டிங் எங்கயும் ஓடிப்போகாது" என்று சொல்லி வைத்துவிட்டாள். மொத்தம் மூன்று நிமிஷம் ஆகியிருக்கும்.

"அக்காவுக்கு என்ன?" என்றார் சைரன். முகம் வெளுத்திருந்தது.

சொன்னாள். ஒளிக்கவில்லை, கூட்டவும் இல்லை.

"திரும்பிடலாம்" என்றார் அவர்.

"நீங்க எத்தனை பேரை ஏத்திக்கிட்டுப் போயிருப்பீங்க? ஏழு மணி நேரம் கழிச்சுப் போய் யாரையாவது காப்பாத்தி இருக்கீங்களா?"

அவர் அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"நெஞ்சுவலிக்கு ஆம்புலன்ஸ் வேணும், அனுப்பியாச்சு. பெத்த பிள்ளை வேணும், அதையும் அனுப்பியாச்சு. ஏழு மணி நேரம் கழிச்சு வந்து நிக்கிற தம்பி எந்த வலிக்கு மருந்து? அவங்களுக்கு நீங்க வந்து நிக்கணும், அவ்வளவுதான். நிஜமா வலிச்சாலும் சரி, வலிக்காட்டியும் சரி." அவள் ஸ்வெட்டரை மாட்டினாள், பிளாஸ்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "நான் உங்களைத் தடுக்கல. கீழ போறதுன்னா தாராளமா போங்க. நான் மேல போறேன். ஒன்பது கிலோமீட்டர்தான். லாண்டரியில ஒரு நாளைக்கு அதுக்கு மேல நடந்தவ நான்."

சொல்லிவிட்டு நடந்தாள். வீம்புக்குப் பத்தடி நடந்து நிற்கிற ரகம் இல்லை அவள். லாரிக்காரர் அவளையும் பார்த்தார், அவரையும் பார்த்தார், கையிலிருந்த சங்கிலியையும் பார்த்தார். முதல் வளைவைத் தாண்டியதும் சாலையும் வண்டியும் மறைந்துவிட்டன. முழங்கால் வலித்தது. வலித்தால் என்ன, வலிக்கட்டும். இத்தனை வருஷத்தில் தனியாக இவ்வளவு தூரம் தன் இஷ்டத்துக்கு நடந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பயமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. பின்னால் லாரி உறுமுவது கேட்டது. சங்கிலி இறுகும் சத்தம், யாரோ போடு போடு என்று கத்தும் சத்தம். எந்தப் பக்கம் இழுக்கிறார்கள் என்று சத்தத்தை வைத்துத் தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி கீழே போனாலும் தான் மேலேதான் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு நடந்தாள்.

நாலாவது வளைவில் லாரி அவளைத் தாண்டிப் போனது. லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "அக்கா, கால் மணி நேரம் யோசிச்சார். அதுக்கப்புறம்தான் வாயைத் திறந்தார்" என்றார். என்ன சொன்னார் என்று கேட்பதற்குள் போய்விட்டார். அதற்குப் பின்னால் அந்தப் பழகிய இன்ஜின் சத்தம். ஆம்புலன்ஸ் பக்கத்தில் வந்து நின்றது, கதவு திறந்தது.

"ஏறு" என்றார் சைரன்.

ஏறினாள்.   அவள் பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தாள், அவர் ஓட்டிக்கொண்டே குடித்தார். கடைசித் திருப்பத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், மூன்றாம் தடவை திரும்பிய இடம் வந்தது. அவள் வாயைத் திறக்கும் முன்னால் அவர், "போச்சு" என்றார்.

திருப்பம் முடிந்ததும் மரங்கள் விலகின. காலண்டரில் பார்த்த அளவு இல்லை. காலண்டர்க்காரன் கஞ்சன், மூலையில் கொஞ்சம்தான் காட்டியிருந்தான். தண்ணீர் மலையின் இடுக்கெல்லாம் புகுந்து கண் எட்டிய மட்டும் கிடந்தது. லாண்டரியம்மா முன்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கரையில் கூழாங்கல் திடல். நாலைந்து வண்டிகள் நின்றன. சைரன் திடலுக்குள் நுழைந்ததும் நேரே போய், நிறுத்தி, ரிவர்ஸ் கியர் போட்டார். மூக்கு சாலைப்பக்கம் திரும்பத் தொடங்கியது, ஏரி கண்ணாடியிலிருந்து நழுவியது. அவள் அதைப் பார்த்தாள். 

போன் அடித்தது. புது டிரைவர். சைரன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, சேர்த்தாச்சு. பிரஷர் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. ஈசிஜி நல்லா இருக்கு. ஒரு நாள் வச்சுப் பாக்கணுமாம். பையன் கூட இருக்கார். அக்கா பேசணுங்கிறாங்க."

கண்ட்ரோல் ரூம் வந்தாள். குரல் பழைய கனத்துக்குத் திரும்பியிருந்தது. "உன்னைத் தோள்ல போட்டு வளர்த்தேன். எவனோ வந்து என்னைத் தூக்கிட்டுப் போறான். நீ அங்க ஊர் சுத்துற. உனக்கு அக்கா வேண்டாம், இல்ல?"

"வேணும்கா" என்றார் சைரன்.

"அப்ப கிளம்பு. உங்களுக்கென்ன, ரெண்டே பேர். ராத்திரிக்குள்ள வந்துடலாம்."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி ரிவர்ஸ் கியரிலேயே நின்றது, கால் கிளட்சில் இருந்தது. லாண்டரியம்மா அவர் பக்கம் பார்க்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி ஓரத்தில் மிச்சமிருந்த ஒரு விரல் அகலத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா" என்றார் அவர். அவள் கேட்டதிலேயே அதுதான் அவர் கொஞ்சம் சத்தமாகப் பேசியது. "ரெண்டே பேர்தான். ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம். நீ நல்லா இருக்கே, டாக்டர் பாத்துக்குவார், பையன் பக்கத்துல இருக்கான். நான் வர பத்து நாள் ஆகும்."

"வந்தா என் முகத்துல முழிக்காதே."

"சரிக்கா. வந்ததும் வாசல்ல உட்கார்ந்திருக்கேன். நீ எப்ப திறக்கணுமோ அப்ப திற."

போனை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கதவு சீக்கிரம் திறக்காது என்று இருவருக்கும் தெரியும். அது திறக்க ஏழு மாதம் ஆனது என்பது பின்னால் நடந்த கதை. லாண்டரியம்மா அவர் தோளில் கை வைத்தாள், ஆனால் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

சைரன் கியரை மாற்றினார். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு. வண்டியை ஒரு முழு வட்டம் அடித்து, திடலின் கடைசிக் கூழாங்கல்வரை மெல்ல உருட்டிக்கொண்டு போய், முன்சக்கரம் ஈரத்தைத் தொட்டதும் நிறுத்தினார். கண்ணாடி முழுக்கத் தண்ணீர். சாலை முதுகுப்பக்கம் போய்விட்டது. இன்ஜினை அணைத்தார். பிறகு சாவியைக் கழற்றினார். அந்த வண்டியில் எந்த நிறுத்தத்திலும் அவர் சாவியைக் கழற்றி அவள் பார்த்ததில்லை. அதை எங்கே வைப்பது என்று அவருக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கி ஸ்வெட்டர் பையில் போட்டுப் பொத்தானைப் போட்டாள்.

"எப்பத் திரும்பணும்னு சொல்லு" என்றார்.

"எனக்கு அலுக்கும்போது சொல்றேன்" என்றாள் லாண்டரியம்மா. காலை நீட்டி முன்பலகை மேல் வைத்துக்கொண்டாள்.